பத்தே நாளில் ஸ்கூட்டர்

ஜூலை 1, திங்கள்

இன்ஷூரன்ஸ்காரர் தையில் கொடுத்த டைரி, ஆறு மாதமாகப் பால் கணக்குக்குக்கூட உதவாமல் கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். ஏனென்றால் இன்று என் வாயால் நானே ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அது நல்லதா கெட்டதா என்பது ஆகஸ்ட் முடியும்போதுதான் தெரியும்.

மூலனூர் ரோட்டில் உள்ள மாட்டுத் தீவனக் கம்பெனியில் ஏழு பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். தோட்டம் தோட்டமாகப் போய் மாடு வளர்ப்பவர்களுக்கு யோசனை சொல்கிற வேலை. ஸ்கூட்டரைக் கம்பெனியே கொடுத்துவிடும். ஆனால் ஏழு பேரில் ஒருத்திக்கும் ஓட்டத் தெரியாது. ஆகஸ்ட் 31-க்குள் லைசென்ஸ் காட்டாதவர்களுக்கு வேலை கிடையாது. ஏழு பேரையும் நான் தேற்றிக் கொடுத்துவிட்டால், அடுத்து தாலுகா முழுக்க எடுக்கப்போகிற அறுபது பேரும் என்னிடம்தான் பழக வருவார்கள். இல்லாவிட்டால் தங்கராசண்ணன் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள்.

தங்கராசண்ணன் ஸ்கூலில் பதினோரு வருஷம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். தை மாதம் ரோஷப்பட்டு வெளியே வந்து, இரண்டு பழைய ஸ்கூட்டரும், மூடிக் கிடக்கிற அரிசி மில்லின் களமுமாக 'பரிமளம் மகளிர் ஸ்கூட்டர் பயிற்சி - பத்தே நாளில் ஸ்கூட்டர்' என்று போர்டு மாட்டினேன். இதுவரை வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். தீபாவளிக்குள் நிமிராவிட்டால் திரும்ப அவர் ஆபீஸ் மேஜைக்கே போக வேண்டியதுதான். "வா பரிமளா, உன்ர சேர் அப்படியேதான் கிடக்குது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பெனி மேனேஜர் நவநீதன் சின்னப் பையன்தான், முப்பது வயது இருக்கும். "ஏழு பேரும் ரெண்டு மாசத்துல ஆயிருவாங்களா மேடம்? வேணும்னா அஞ்சு பேர்னு வச்சுக்கலாமா?" என்று அவராகவே இறங்கி வந்தார். அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம் அல்லவா?

"அஞ்சா? போர்டப் பாக்கலையாங்க சார்? பத்தே நாள். மீதி நாளெல்லாம் ஆபீஸ் கணக்குக்குத்தானுங்க" என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

ஏழு பேருக்கும் எல்.எல்.ஆர். வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் டெஸ்ட். ஆகஸ்ட் ஏழாம் தேதிக்குப் பதிந்துவிட்டேன்.

டெஸ்ட்டில் இருப்பது ஒரே சமாச்சாரம். தரையில் பெரிதாக எட்டு போட்டிருப்பார்கள். அதன் மேலேயே வண்டியை ஓட்டிச் சுற்றி வரவேண்டும், கால் தரையில் படக்கூடாது. பட்டால் போச்சு. ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களே அந்த வளைவில் காலை ஊன்றிவிடுவார்கள்.

நாளைக்கே பழக வாருங்கள் என்றால் ஒருத்தியும் அசையவில்லை. புதன்கிழமைதான் நல்ல நாளாம். ஏழு பேருக்கும் அதே புதன், அதே காலை முகூர்த்தம். இரண்டு வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? தள்ளிப்போடலாம் என்றால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் எதையும் தொடங்கமாட்டார்கள். சரி, எல்லாரும் வாருங்கள் தாயே என்றேன்.

ஜூலை 10, புதன்

எலுமிச்சம்பழம் ஏழு நசுங்கியது. ஆளுக்கொன்று கொண்டுவந்து சக்கரத்தடியில் வைத்தார்கள்.

தேன்மொழி சைக்கிள் ஓட்டினவள், கையிலேயே தெரிகிறது. மற்றவர்கள் சுமார். சாந்தாமணியக்காதான் எனக்குப் பெரிய தலைவலி. நாற்பத்தேழு வயது, நல்ல கனம். ஆயுசில் சைக்கிள் தொட்டதில்லை. மாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் மணிக்கணக்கில் பேசுவார். கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். வண்டி உறுமினதும் இரண்டு கையையும் விட்டுவிட்டு, பின் சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பி "ஐயோ அம்மிணி!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"அக்கா, என்னயப் புடிச்சா ரெண்டு பேரும் உழுவோம். ஹேண்ட்பாரப் புடிங்க. நான் பின்னாடி இருக்கறனில்ல?"

"நீ எறங்கிராதே அம்மிணி."

"எறங்க மாட்டன்."

ஏழு பேருக்கும் இதையேதான் சொல்கிறேன். பயம் போக வேறு மருந்து கிடையாது.

ஜூலை 14, ஞாயிறு

காலை ஆறு முதல் பதினொன்று வரை பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் தரையே ஆடுகிறது. எங்கள் வீட்டுக்காரர் காற்றாலையில் காவல் வேலை முடித்து வந்து தூங்கப் போகிற நேரத்தில் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடச் சொன்னேன். "ஓட்டறது அவங்க. உனக்கென்ன வலி?" என்று கேட்டார். கேள்வியைப் பார்!

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. காற்று ஆளைத் தூக்குகிறது. களத்தில் நான் கோலமாவில் போட்டுவைத்த எட்டு அரை மணி நேரத்தில் பறந்துவிட்டது. சுண்ணாம்பைக் கரைத்துப் போட்டேன்.

செருப்பு தேய்ந்துவிட்டது. ஜூனில்தான் வாங்கினேன், வெளி ஓரம் காகிதமாகப் போய்விட்டது. கடைக்காரனிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படித் தேய்ஞ்சு நான் பார்த்ததே இல்லைங்க்கா" என்றான். வாய்ச் சவடாலுக்குக் குறைச்சலில்லை.

ஜூலை 20, சனி

ஆச்சு! செவ்வாய் ஒரு நாள் போகப் பத்தாவது நாள். ஏழு பேரும் எட்டு போட்டுவிட்டார்கள்! சாந்தாமணியக்காகூடப் போட்டுவிட்டார். முடித்துவிட்டு இறங்கி நின்று, "நானா ஓட்டுனேன்? நானா?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும்தான்.

உடனே மேனேஜருக்குப் போன் போட்டேன். "பத்து நாள்னு சொன்னனில்லீங்க சார், பத்தே நாள்." அவர் அசந்துபோய்விட்டார். அறுபது பேர் பட்டியலை இப்போதே தயார் செய்யச் சொல்லிவிட்டாராம்.

வீட்டுக்காரரிடம் மூன்றாவது வண்டி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 25, வியாழன்

புதுச் செருப்பும் தேய்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் ஒரு பொருளாவது உருப்படியாக வருகிறதா?

ஜூலை 29, திங்கள்

தேன்மொழி ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, நான் ஒருக்காத் தனியா போட்டுப் பாக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர்களைப் பழக்குகிற ஆள் இல்லாமல் விடக்கூடாது என்பது சட்டம். களம் ரோடு இல்லைதான், இருந்தாலும் விழுந்து கை கால் போனால் யார் பதில் சொல்வது? நான் பின்னால் இருக்கும்போது எல்லாம் சரியாகத்தானே போகிறது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் தங்கராசண்ணன் எதிர்ப்பட்டார். "கம்பெனி ஆளுக ஏழையும் புடிச்சுட்டியாமா? ஒருத்தி ரெண்டு பேரு தேறாட்டி எங்கிட்ட அனுப்பு பரிமளா. நம்ம பொண்ணு ஒண்ணு இருக்குது, ஹெல்மெட்டப் போட்டுட்டு அவிங்களுக்குப் பதிலா எட்டு போட்டுரும். மூஞ்சிய ஆரு பாக்கறா?" என்றார்.

"என்ர ஆளுக அவிங்களே போடுவாங்கண்ணா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. ஒருத்தியும் வரவில்லை, எல்லாரும் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். வண்டியைக் கழுவினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நாளைக்கு டெஸ்ட். செவ்வாய்க்கிழமை என்று இன்று பாதிப்பேர் வண்டியையே தொடவில்லை. சாந்தாமணியக்கா மட்டும் வந்தார். "நாளைக்கு நீயும் பின்னாடி உக்காருவீல்ல அம்மிணி?" என்றார்.

"டெஸ்ட்ல எப்படீங்க்கா உக்கார முடியும்? தனியாத்தான் போகோணும்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அதுக்கென்ன, பழகுன கைதான்" என்று நானே சொல்லி அனுப்பிவைத்தேன். எனக்குத்தான் இட்லி இறங்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

இரண்டு. ஏழில் இரண்டே பேர்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. தேன்மொழியும் ரம்யாவும் பாஸ். இரண்டு பேருமே சைக்கிள் ஓட்டினவர்கள். மற்ற ஐந்து பேரும் முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிட்டார்கள். சாந்தாமணியக்கா வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை. வண்டி நகர்ந்ததும் சாய்ந்து, வண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் பொறுமையான மனுஷர். "பழக்கம் பத்தலைங்கம்மா. ஒரு வாரம் கழிச்சு எப்ப வேணாலும் வாங்க" என்றார். பழக்கம் பத்தலையா! பத்து நாளில் பிசகில்லாமல் போட்டவர்கள்! காற்று அப்படி அடித்தது. அங்கே தரையும் வழவழப்பு. போதாததற்கு நேரம் வேறு சரியில்லை, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். யாரைக் குறை சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை, ஆனால் யாரையாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

மேனேஜர் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

ஐந்து பேரையும் வரச் சொல்லித் திட்டித் தீர்த்தேன். "களத்துல நல்லாத்தான போட்டீங்க? அங்க போயி என்ன கேடு வந்துச்சு?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஈஸ்வரி அழுதேவிட்டாள். சுகந்தி கொஞ்சம் துடுக்கு. "நாங்க எப்படி ஓட்டுனோம்னு எங்களுக்கே தெரியலைங்க்கா. எம்பொண்ணு வீடியோ எடுத்து வச்சிருக்கறா, அதையாச்சும் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று போனை நீட்டினாள்.

ஜூலை இருபதாம் தேதி எடுத்த வீடியோ. சுகந்தி ஓட்டுகிறாள், பின்னால் நான். வண்டி எட்டின் மேல் அழகாகப் போகிறது. வளைவில் வண்டி லேசாக இடது பக்கம் சாய்கிறது. உடனே என் இடது கால் இறங்குகிறது. செருப்பு தரையில் இழுபடுகிறது, புழுதி கிளம்புகிறது, வண்டி நிமிர்கிறது. அடுத்த வளைவில் வலது கால். மறுபடி இடது. முழு எட்டையும் என் இரண்டு காலும்தான் போட்டிருக்கின்றன.

ஏழு பேர் வீடியோவும் இருந்தது. அத்தனையிலும் என் கால்.

எனக்குத் தெரியவே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. "நான் இருக்கறனில்ல, நான் இருக்கறனில்ல" என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கால் அது பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. அந்தச் செருப்புக் கடைக்காரனைப் போய்த் திட்டினேனே!

ஐந்து பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாந்தாமணியக்காதான், "காத்து ரொம்ப அடிக்குது, டீ குடிக்கலாமா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போர்டைக் கழற்றி மில் சுவரோரம் திருப்பிச் சாய்த்து வைத்துவிட்டேன். இவர்கள் பத்து நாளில் பழகவில்லை. இனிமேல்தான் பழகவே தொடங்க வேண்டும். கையில் இருப்பது இருபது நாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கம்பெனிக்கு நேரிலேயே போனேன். போகிற வழியெல்லாம் இரண்டு பொய் தயார் செய்துகொண்டே போனேன். உட்கார்ந்ததும் இரண்டும் மறந்துபோய்விட்டது. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன், கால் சமாச்சாரம் உட்பட. மேனேஜர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சரிங்க மேடம். இப்ப எத்தன பேருன்னு சொல்லுங்க."

ஏழு என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒவ்வொருத்தியாக மனதில் ஏற்றிப் பார்த்தேன், பின் சீட்டில் நான் இல்லாமல். "முப்பத்தொண்ணுக்குள்ள அஞ்சுங்க. ரெண்டு பேரு ஏற்கெனவே ஆச்சு. சுகந்தி, அமுதா, ஈஸ்வரி மூணு பேரும் வந்துருவாங்க. மேனகாவுக்கு இன்னொரு மாசம் ஆகும். சாந்தாமணியக்காவுக்கு எப்பன்னு எனக்குத் தெரியலைங்க."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னாத் தெரியலைதானுங்க."

அவர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தார். "ஏழுன்னு சொல்லி ரெண்டு குடுத்தீங்க. இப்ப அஞ்சுங்கறீங்க. அஞ்சு காட்டுங்க, அறுபதும் உங்களுக்குத்தான். நாலுன்னு வந்தா, அறுபதும் தங்கராசு சாருக்குப் போயிரும். லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு ஒண்ணாந்தேதியிலிருந்து வேற ஆளப் பாத்துக்குவோம். இதுக்கு மேல எங்கிட்ட எதுவும் இல்லைங்க மேடம்."

அடுத்த டெஸ்ட் ஆகஸ்ட் 28. எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து பேருக்குமே பதிந்து வைத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

பின் சீட்டில் உட்காரவில்லை. களத்தின் ஓரத்தில் நின்றேன். அம்மாடி, என்ன கொடுமை அது! ஒவ்வொருத்தியும் விழ விழ என் உடம்பு தானாக ஓடுகிறது. இரண்டு முறை பாதி தூரம் ஓடிவிட்டுத் திரும்பினேன்.

சுகந்திக்கு முழங்கை சிராய்ப்பு. ஈஸ்வரிக்கு முட்டி. வண்டிக்கு இரண்டு கண்ணாடியும் போச்சு.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்தது. எட்டை எடுத்துவிட்டேன். முதலில் நேராகப் போகட்டும், மெதுவாக. எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாக, கால் ஊன்றாமல். வேகமாகப் போனால் எந்த வண்டியும் சாயாமல் நிற்கும், மெதுவாகப் போவதில்தான் இருக்கிறது வித்தை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, விழுந்தவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றதில் தெரிந்தது.

ஒரு நாளைக்கு ஒன்றுதான் வேலை. இன்று களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம். அமுதா காலையிலேயே முடித்துவிட்டாள். சாந்தாமணியக்கா மதியம் வரைக்கும் முடிக்கவில்லை, போகவும் இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

அமுதா இன்று தனியாக எட்டு போட்டாள். முழுசாக. நான் கைதட்டினதில் பயந்துபோய்க் காலை ஊன்றிவிட்டாள். இனிமேல் கைதட்டக்கூடாது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சுகந்தி, ஈஸ்வரி இரண்டு பேரும் போட்டுவிட்டார்கள். பத்தில் எட்டு முறை வருகிறது. மேனகா பாதி எட்டு. சாந்தாமணியக்கா நேராகப் போகிறார், ஒரு வளைவு திரும்புகிறார், இரண்டாவதில் ஊன்றுகிறார். ஆனால் ஒன்று, விழுந்தால் இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதில்லை. தானே எழுந்து, வண்டியைத் திட்டிவிட்டு, மறுபடி ஏறுகிறார்.

இரண்டோடு மூன்று சேர்ந்தால் ஐந்து. போதும். கடவுளே, அது மட்டும் போதும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஈஸ்வரியின் மாமியார் காலையில் இறந்துபோய்விட்டார். நாளைக்கு அவள் வரமாட்டாள். எப்படி வருவாள்? போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'நாலு, நாலு' என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மமோ நான்.

திரும்பி வந்தால் களத்தில் சாந்தாமணியக்கா உட்கார்ந்திருந்தார். சேதி தெரிந்திருக்கிறது.

"ஈஸ்வரிக்குப் பதிலா நான் போறன் அம்மிணி."

"உங்களுக்கு இன்னும் வரலைங்க்கா."

"காத்தால ஒருக்கா வந்துச்சு. நீ சாவுக்குப் போயிட்டே, பாக்கல."

"ஒருக்கா வந்தாப் பத்தாது. போயி உழுந்து வெச்சீங்கன்னா இருக்கற தைரியமும் போயிரும். வேண்டாங்க்கா."

"உனக்கு அஞ்சு வேணுமா வேண்டாமா?"

வேண்டும். வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவராகவே எழுந்து புடவையை உதறிக்கொண்டு, "நாளைக்கு ஒம்பதுக்கு வந்தர்றன்" என்று போய்விட்டார்.

ஆகஸ்ட் 28, புதன்

முதலில் அமுதா. ஊன்றவில்லை. பாஸ். அடுத்து சுகந்தி. ஒரு இடத்தில் வண்டி நின்றேவிடும்போல் ஆகி, எப்படியோ முறுக்கிப் பிடித்துவிட்டாள். பாஸ். நாலு ஆச்சு.

சாந்தாமணியக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "நீ கேட்டுக்கு வெளிய போயி நில்லு அம்மிணி. நீ பாத்தீன்னா எனக்கு நீ பின்னாடி இருக்கற மாதிரியே இருக்குது. திரும்பிப் பாக்கத் தோணுது."

போனேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். வண்டி கிளம்பியது. முதல் வளைவு, சத்தம் இறங்கி ஏறியது. இரண்டாவது. அப்போது பார்த்து ஒரு காற்று, மேற்கே இருந்த மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. நான் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே யாரோ இருமினார்கள். வண்டிச் சத்தம் நிற்கவில்லை. நிற்கவே இல்லை! ஒரு சுற்று முடிந்து வந்து நின்றது.

"சரிங்கம்மா, கையெழுத்துப் போடுங்க" என்றது ஆய்வாளர் குரல்.

ஐந்து! மதிலைப் பிடித்துக்கொண்டேன். மனதுக்குள் அறுபது பேரும் என் களத்துக்கு வந்து நின்றுவிட்டார்கள், நான் மூன்றாவது வண்டியையும் வாங்கிவிட்டேன்.

"கால் ஊனிட்டனுங்க சார்."

சாந்தாமணியக்காவின் குரல்தான்.

"என்னங்கம்மா?"

"அந்தக் காத்து வந்துச்சுங்களே, அப்ப. லேசா ஊனிட்டன். நீங்க கண்ணக் கசக்கிட்டு இருந்தீங்க."

பிறகு ஆய்வாளர், "அடுத்த தடவ வாங்கம்மா" என்றார்.

வெளியே வந்த அவரை நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசினேன். உங்களுக்கும் வேலை போச்சு, எனக்கும் பிழைப்பு போச்சு, அரிச்சந்திரன் பேத்தியா நீங்கள் என்று கேட்டேன். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அவரு கண்ணுல மண்ணு உழுந்துச்சு. என்ர காலுக்குத் தெரியாதா அம்மிணி?" என்றார்.

பஸ் வந்தது. ஏறிவிட்டோம். பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மேனேஜரிடம் போய் நாலு என்றேன். ஈஸ்வரி மாமியார் செத்ததைச் சொல்லவில்லை, சொன்னால் சாக்காகப் போய்விடும்.

"அப்ப அறுபது தங்கராசு சாருக்குங்க மேடம்."

"குடுத்துருங்க. நான் அத கேக்க வரலைங்க. இந்த மூணு பேருக்கும் ஒரு மாசம் மட்டும் குடுங்க. வேற ஆளப் போட்டுராதீங்க."

"சாந்தாமணிக்கு எப்பன்னே தெரியாதுன்னீங்க?"

"இப்பத் தெரியுமுங்க. ஒரு வளைவுதான் பாக்கி."

அவர் உள்ளே போய் யாருக்கோ போன் பேசினார். மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து, "செப்டம்பர் முப்பது. ஒரு நாள் தள்ளினாலும் ஆகாது" என்றார்.

வெளியே வந்து அழுதேன். அறுபது போனதற்காகத்தான் அழுதேன், பொய் சொல்வானேன்.

செப்டம்பர் 2, திங்கள்

வீட்டுக்காரர் நேரடியாகவே கேட்டார். "தீபாவளிக்கப்புறம் தங்கராசுகிட்டப் போறியா?"

உட்கார்ந்து யோசித்தேன். களத்து வாடகை, பெட்ரோல், வீட்டுக்குக் கொஞ்சம். இதற்கு மாதம் ஆறு பேர் வந்தால் போதும். அறுபது வேண்டியதில்லை. ஆறு பேர் என்றால் இரண்டு வண்டியில் ஒவ்வொருத்தியும் தனியாகப் பழக நேரமும் இருக்கும். ஆறுக்கு மேல் தேவலோகத்து இந்திரன் வீட்டுப் பெண் வந்தாலும் அடுத்த மாதம்தான்.

"மாசம் ஆறு. தீபாவளி வரைக்கும் பாக்கறன்" என்றேன்.

"ஆறு வருமா?"

"தேன்மொழியும் அமுதாவும் ஊரெல்லாம் ஓட்டிட்டுத் திரியறாங்களே, அதப் பாத்து வரும்."

செப்டம்பர் 6, வெள்ளி

முகூர்த்த நாள். மூன்று பேர் வந்தார்கள். "எத்தன நாள்ல ஓட்டலாங்க?" என்று கேட்டார்கள். பத்து என்று சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டேன். "ஒரு வாரம் வந்து பழகுங்க. அப்புறம் சொல்றன்" என்றேன். இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு தங்கராசண்ணன் ஸ்கூல் பக்கம் போனார்கள். கலைச்செல்வி டீச்சர் மட்டும் நின்றார். நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். "தெரியாததத் தெரியாதுன்னு சொல்றீங்க, பரவாயில்லை" என்றார்.

செப்டம்பர் 11, புதன்

ஈஸ்வரி, மேனகா இரண்டு பேரும் பாஸ்! மேனகா நான் சொன்ன கணக்குப்படியே ஒரு மாதத்தில் வந்துவிட்டாள். ஆறு ஆச்சு. சாந்தாமணியக்கா இன்று போகவில்லை. "எனக்கு இன்னும் ஒரு வாரம் வேணும் அம்மிணி" என்றார். பதினெட்டாம் தேதிக்குப் பதிந்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இந்த மாதம் டீச்சரோடு சேர்த்து ஐந்து பேர். இன்னும் ஒருத்தி.

செப்டம்பர் 17, செவ்வாய்

அமுதாவின் அண்ணி சேர்ந்தாள். ஆறு! நாளைக்குப் புதன்கிழமை வந்துதான் வண்டியைத் தொடுவாளாம்.

நாளைக்குத்தான் சாந்தாமணியக்காவின் டெஸ்ட்டும். இதிலும் போனால் முப்பதாம் தேதிக்குள் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். நானும் வரட்டுமா என்றதற்கு, "வேண்டாம் அம்மிணி, உனக்குக் களத்துல ஆளு இருக்குது. தேன்மொழி வண்டியக் கொண்டு வர்றா" என்று சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 18, புதன்

பத்து மணியிலிருந்து இடுப்பில் இருந்த போன் கனத்தது. டீச்சர் முதல் முறையாகத் தனியாக எட்டில் இறங்கியிருந்தார். நான் ஓரத்தில் நின்றேன்.

பத்தரைக்குப் போன் அடித்தது. டீச்சர் முதல் வளைவில் இருந்தார். எடுக்கவில்லை. சத்தம் கேட்டாலே பதறிவிடுவார், புடவையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது நின்று, மறுபடி அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ரோட்டில் கம்பெனியின் பச்சை ஸ்கூட்டர் ஒன்று வந்தது. நிதானமாக, இடது ஓரமாக, முதுகை நேராக வைத்துக்கொண்டு. அந்தக் கனமும் அந்தப் புடவைக் கட்டும் எனக்குத் தெரியாதா? என்னை அறியாமல் வேலிக்கு ஓடினேன். "சாந்தாமணியக்கா! அக்கோவ்! ஆச்சா?" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. இரண்டு தரம் ஹாரன் அடித்தார். நிற்காமல் மூலனூர் பக்கம் போய்விட்டார். வளைவில் திரும்பும்போது பார்த்தேன், ஊன்றவில்லை.

தேன்மொழிக்குப் போன் போட்டேன். "அக்கா, பாஸுங்க்கா! ஒரே தடவையில! அங்க நிக்கும்போதே ஒரு தோட்டத்துல இருந்து போன் வந்துச்சு, மாடு கன்னு போட முடியாமக் கெடக்குதாம். என்னய பஸ்ல வரச் சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. உங்ககிட்ட அப்புறமா வந்து சொல்றேன்னாங்க."

அப்புறமாவாம்! ரெண்டரை மாதம் என் உயிரை வாங்கிவிட்டு, ஒரு நிமிஷம் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? மாடு பெரிதா, நான் பெரிதா? அங்கேயே நின்று சத்தமாகக் கேட்டேன். ரோட்டில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காற்று வேறு.

திரும்பினால், டீச்சர் எட்டின் முடிவில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், முழுசாப் போட்டுட்டேன்! ஊனவே இல்லை! பாத்தீங்களா?"

"பாக்கலைங்க டீச்சர்" என்றேன். "இன்னொருக்கா போடுங்க."